இஞ்சைதான் இருக்கிறன்

என் அன்பான ராணியக்காவுக்கு,

இன்று காலை உறுதியான செய்தி இது. தேவாலய மண்டபத்தின் பின்னறையில் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்று வந்த முறைப்பாட்டை, வருகிற செவ்வாய்க்கிழமை மாலைக் கூட்டத்தில் நகரக் கவுன்சில் எடுக்கப்போகிறது. முதலில் பாதருக்குத்தான் சொன்னார்கள். பாதர் எனக்குச் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. மண்டபத்துக்கு வந்துபோன கவுன்சில் அதிகாரிக்கு நானே தொலைபேசி எடுத்து, நான் விளங்கிக்கொண்டதைத் திரும்ப அவருக்குச் சொல்லி, சரி என்று அவர் வாயால் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். செத்துப்போன அக்காவுக்கு எழுதும் கடிதத்துக்கும் இப்படி ஒரு சரிபார்ப்பா என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கோ. பயந்திருக்கும்போது எனக்குக் கைகொடுக்கிற பழக்கம் இது ஒன்றுதான்.

ஓம் அக்கா, பயந்துதான் இருக்கிறேன். நாங்கள் எல்லோருமே.

இதை அச்சில் வேறு ஆட்களும் வாசிக்கப்போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. முறைப்பாடு செய்தது யார் என்று அதிகாரி சொல்லவில்லை. சொல்லக்கூடாதாம். இருட்டிய பிறகும் மண்டபத்தில் வெளிச்சம் எரிகிறது, ஒரு பிள்ளையின் குரல் கேட்கிறது என்று பின்தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து வேலிக்கு அப்பால் யார் கையசைத்தாலும் இவரோ என்று பார்க்கிறோம். பை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவந்து தருவாரே ஒரு கிழவர், போன கிழமை அவர் வந்தபோது ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பையை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். முறைப்பாடு செய்தது அவர் இல்லை என்றால் நாங்கள் செய்தது எவ்வளவு கேவலம். அவர்தான் என்றாலும், பிள்ளையின் குரல் கேட்டுக் கவலைப்பட்டுச் சொன்னவராக இருக்கலாம் அல்லவா?

புதன்கிழமை இலவசச் சாப்பாடு நிற்கவில்லை. உண்மையில் இதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். லிட்கம் ஸ்டேசனுக்கு இந்தப் பக்கம், அதே தேவாலய மண்டபம். கோயில் பெண்கள் சோறும் சாம்பாரும் வைக்கிறார்கள், குருத்வாராவிலிருந்து மாவும் பருப்பும் வருகின்றன, பள்ளிவாசலில் இருந்து ஃபரீதாவும் அவருடைய ஆட்களும் மரக்கறிக் குருமா கொண்டுவருகிறார்கள். மண்டபத்துக்குள் மரக்கறி மட்டும் என்று தீர்மானித்த அன்று, “அப்ப எங்க பிரியாணிக்கு விசா கிடையாது, அப்படித்தானே?” என்று ஃபரீதா கேட்டதும், பாதருக்கு அதை இங்கிலிஷில் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் சிரித்துப் புரையேறியதும் நினைவிருக்கிறது.

வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். முன்பு வயதானவர்கள், வேலை இல்லாதவர்கள். இப்போது பக்கத்து ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரே அறையில் நாலைந்து பேராகத் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள். வேலை உள்ளவர்களும் வருகிறார்கள். சம்பளம் வாடகைக்குப் போய்விடுகிறது, மிச்சத்தில் சமைக்க ஒன்றும் இல்லை என்கிறார்கள். கழுத்தில் தொங்கும் அலுவலக அட்டையைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டுத்தான் வரிசையில் வந்து நிற்கிறார்கள்.

பசிக்குதா என்று கேட்டால் எங்கள் ஆட்கள் ஓம் சொல்ல மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சாப்பிட்டீர்களா என்றால், வெறும் வயிற்றோடு நின்றுகொண்டு சாப்பிட்டிட்டன் என்பார்கள். நீங்கள் கண்டுபிடித்த வழியைத்தான் இன்றும் பின்பற்றுகிறோம். கோயில் பெண்கள் சாமிக்குப் படைக்கிற பழக்கத்தில் எதையும் வாயில் வைத்துப் பார்க்காமலே இறக்கிவிடுவார்கள். நோன்பு மாதத்தில் ஃபரீதாவும் நாக்கில் வைக்க மாட்டார். அதனால் ஏதாவது ஒரு சட்டியில் உப்புக் கூடும், அல்லது காணாது. அந்தக் குறையை நீங்கள் ஒரு வேலையாக்கினீர்கள். வாசலில் தயங்கி நிற்கிறவரைப் பார்த்து, “தம்பி, ஒருக்கா உப்புப் பாத்துச் சொல்லும், எங்களிலை ஒருத்தரும் வாயிலை வைக்கேலாது” என்பீர்கள். உப்புப் பார்க்க உள்ளே வந்தவர் சாப்பிடாமல் திரும்பிப் போனதை நான் கண்டதில்லை.

வாசுகியும் உப்புப் பார்க்கத்தான் வந்தார். அது அவருடைய உண்மையான பெயர் அல்ல, மகளுக்கு நான் வைத்திருக்கும் அனு என்ற பெயரும் அப்படித்தான். இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் வாசுகிக்கு முழுவதும் வாசித்துக் காட்டிவிட்டேன். அவர் முதல் நாள் ஒரு கரண்டி சாம்பாரை வாயில் வைத்துவிட்டு, உப்பு சரி, புளிதான் காணாது என்றார். அப்ப நீரே வந்து கரையும் என்று புளியை அவர் கையில் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு அவர் வராத புதன்கிழமை இல்லை.

அகதியாகப் படகில் வந்தவர். கணவர் இங்கே வந்த பிறகு நோயில் இறந்தார். ஒரு முதியோர் இல்லத்தின் லாண்டரியில் வேலை. விசா பிரிட்ஜிங் விசா, புதுப்பிக்கப் புதுப்பிக்கத் தற்காலிகமாகவே இருக்கிறது. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், விசாவைப் பார்த்ததும் ஏஜென்ட் சிரித்த முகம் மாறாமல் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார். அதனால் தாயும் மகளும் ஒரு வீட்டின் கராஜில் இருந்தார்கள். வீட்டுக்காரர் வீட்டை விற்றார். அன்றைக்குத்தான் நீங்கள் பாதரிடம் போய், மண்டபத்தின் பின்னால் ஞாயிறு வகுப்பு நடந்த அந்தப் பழைய அறையைக் கேட்டீர்கள். ரெண்டு கிழமைக்குத்தான் பாதர், பதினாலு நாள் என்றீர்கள்.

அந்த ரெண்டு கிழமை முடிய முன்னரே நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டீர்கள். அக்கா கொடுத்த ரெண்டு கிழமையை முடித்துவைக்க எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மண்டபத்துக்குத் திறப்பு இரண்டு. ஒன்றை வாசுகியிடம் கொடுத்திருந்தீர்கள். மற்றதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினீர்கள். கட்டிலின் மறுபக்கம் நின்ற ஃபரீதாவிடம், “திறப்பு இவனிட்டை இருக்கு” என்றீர்கள். கீழக்கரையில் பிறந்த ஃபரீதா, “என்ன திறப்புக்கா? எந்தக் கடைத் திறப்பு விழா?” என்று கேட்டார். அவருக்கு அது சாவி. சிரிக்க மூச்சில்லாமல் நீங்கள் கண்ணால் சிரித்தீர்கள். ஒரே மொழி பேசுகிறோம் என்று சொல்லிக்கொண்டே இப்படி எத்தனை தடவை ஆளையாள் பார்த்து முழித்திருப்போம்! அப்போதெல்லாம் அது சிரிப்பில் முடிந்தது.

இந்த முறை முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். நான் அங்கே இருக்கவில்லை. ஃபரீதாவிடமும் வாசுகியிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவர் சொன்னதும் பொருந்துகிறது.

ஒரு புதன்கிழமை, சமையல் நேரம். குசினியில் வாசுகியும் ஃபரீதாவும் மட்டும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி இளைஞர், மரியாதையான ஆள். சப்பாத்தைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தாராம். ஆனால் கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். அட்டையைக் கண்டதும் வாசுகியின் இங்கிலிஷ் எங்கேயோ போய்விட்டது. லாண்டரியில் சூப்பர்வைசரோடு வாய்க்கு வாய் பேசுகிறவர், அன்று ‘யெஸ்’ என்ற ஒரு சொல்லும் வராமல் நின்றார். பதிலை நான் சொல்கிறேன் என்று ஃபரீதா முன்வந்ததற்கு, வாசுகியிடமே கேட்க வேண்டும் என்றார் அதிகாரி. தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, போனை வெங்காயக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு பெண்குரல், தமிழ்நாட்டுத் தமிழ். லைன் விட்டு விட்டுக் கேட்டது.

இந்த மண்டபத்தில் குடியிருக்கிறாரா என்று கேளுங்கள் என்றார் அதிகாரி.

“அம்மா, நீங்க இங்கதான் இருக்கீங்களா?” என்று கேட்டது குரல்.

லைன் அறுந்துவிட்டதா என்று கேட்கிறார்கள் என நினைத்தார் வாசுகி. “ஓம், இஞ்சைதான் இருக்கிறன்” என்றார்.

“எத்தனை பேர் இருக்கீங்க?”

எதிரே நின்ற ஃபரீதாவைப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேர்” என்றார்.

இங்கே வசிக்கிறார், இரண்டு பேர் வசிக்கிறார்கள் என்று அந்தக் குரல் இங்கிலிஷில் சொன்னதைக் கேட்டபோதுதான் ஃபரீதாவின் கை நின்றது. அதிகாரி அதைப் பதிந்துகொண்டார். பின்னறைக் கதவைத் திறந்து பார்க்கவில்லை. பாதரிடம் பேசுகிறேன் என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கேட்டவரில் பிழை இல்லை அக்கா. மொழிபெயர்த்த பெண்ணிலும் பிழை இல்லை. அவருடைய ஊரிலும் இருக்கிறது என்றால் குடியிருக்கிறதும்தான். வாசுகி, தன்னிடம் கேட்காத ஒரு கேள்விக்குப் பதில் சொன்னார். ஆனால் அந்தப் பதில் உண்மை. வாசுகியும் அனுவும், ரெண்டு பேர், அங்கேதான் இருக்கிறார்கள். இத்தனை வருஷம் செய்தி எழுதினேன். ஆட்கள் சரியாக விளங்கிக்கொண்டு சொன்ன பொய்களை நிறையக் கேட்டிருக்கிறேன். பிழையாக விளங்கிச் சொன்ன உண்மையைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து அந்த அறை மாறிவிட்டது. அனு பள்ளிச் சப்பாத்தை வெளியே விடுவதில்லை, உள்ளே கொண்டுபோய் ஒரு பையில் கட்டி வைக்கிறாள். உடுப்புக் காயப்போடுவது நின்றுவிட்டது. ஈர உடுப்பை வாசுகி லாண்டரிக்குக் கொண்டுபோய்க் காயவைத்து வருகிறார். பொழுதுபட்டால் விளக்குப் போடுவதில்லை, போன் வெளிச்சத்தில் பிள்ளை படிக்கிறது. பெட்டி கட்டியபடி கதவடியில் நிற்கிறது. மாற்றுடுப்பு எடுக்க அதைத் திறந்தால் உடனே திரும்பப் பூட்டி வைக்கிறார்.

போன ஞாயிறு அனு என்னிடம், “ஆர் வி இன் ட்ரபிள், அங்கிள்?” என்று கேட்டாள். நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலிஷில்தான் பதில் சொல்வாள், அது உங்களுக்கும் தெரியும். இல்லை பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். உறுதியாகத் தெரியாததைச் சொல்ல நாக்கு வரவில்லை. இன்னும் தெரியாது என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கணக்குக் கொப்பியைத் திறந்தாள். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? இல்லை என்று சொல்லி அணைத்துக்கொண்டிருப்பீர்கள். அது பிழையா அக்கா?

எனக்கு இன்னொரு பயமும் உண்டு, அதை மற்றவர்களிடம் சொல்லத் தயங்கினேன். அந்த அறைக்கு ஒரே கதவு. ஜன்னலுக்குக் கள்ளனுக்காக அடித்த இரும்புக் கம்பி. ஒரே கதவுள்ள ஒரு வாடகை அறை எரிந்ததைப் பற்றி முன்பு ஒரு தடவை செய்தி எழுதிவிட்டு வந்து, இரண்டு நாள் உங்கள் வீட்டில் சாப்பிடாமல் இருந்தேனே. கவுன்சில் விதி எங்களை விரட்டுவதற்கு என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த விதி எழுதப்பட்டதே வாசுகியைப் போன்றவர்கள் எரிந்து சாகக்கூடாது என்பதற்காகத்தான். அங்கே அவர்களைப் படுக்கவைத்த நாங்கள் ஒருவரும் அந்த ஜன்னலைப் பார்க்கவில்லை. கதவு தட்டுவார்களோ என்ற பயத்தில், கதவு திறக்க முடியாமல் போகலாம் என்ற பயத்தை மறந்திருந்தோம்.

என் யூனிட்டுக்கு வரச் சொன்னேன். ஒற்றைப் படுக்கையறை. “அப்ப நீங்கள் என்ன, கதிரையிலையோ படுக்கப்போறியள்?” என்று வாசுகி சிரித்தார். பிறகு, பிள்ளையின் பள்ளிக்கூடம் மண்டபத்திலிருந்து நடந்து போகிற தூரம் என்றார். தனியாக இருக்கிற கிழவன் வீட்டில் ஒரு பெண் வந்து இருந்தால் எங்கள் சனம் என்ன கதைக்கும் என்பதையும் அவர் யோசித்திருப்பார். ஃபரீதாவின் வீட்டில் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும். அங்கே மெத்தை போட வரவேற்பறையில்கூட இடம் இல்லை.

இப்போது நீங்கள் அறியாத பாரத்தைச் சொல்கிறேன். தேவாலயத்தின் கார் நிறுத்துமிடத்தில் குறைந்த வாடகை வீடுகள் கட்டுவது என்று நாலு சமயத்தவரும் சேர்ந்து தொடங்கினோமே, அந்த விண்ணப்பம் இதே கவுன்சிலில் கிடக்கிறது. பன்னிரண்டு வீடுகள். கோயில் சார்பில் வருகிற குமரேசன் தன் சனி ஞாயிறு முழுவதையும் அதற்குத்தான் கொடுத்தார். சென்னைக்காரர், பொறியாளர், பயந்த சுபாவம் இல்லாதவர் என்று நான் நினைத்திருந்தேன். முறைப்பாடு வந்த செய்தியைக் கேட்ட அன்று அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் எனக்கும் விளங்கியது. சட்டத்துக்கு மாறாக ஆட்களைக் குடிவைத்த இடம் என்று பெயர் வந்தால், அந்தப் பன்னிரண்டு வீட்டுக்கும் யார் ஒப்புதல் தருவார்கள்?

பாதரின் சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் கூடினோம். வாசுகியைப் பற்றிய பேச்சில் வாசுகி இருக்க வேண்டும் என்று பாதர் பிடிவாதமாக நின்றார். அதனால் அவரும் வந்து ஒரு கதிரையின் நுனியில் இருந்தார். குமரேசன் யோசித்து வந்திருந்தார். அவர் சொன்ன வழி சுத்தமானது. செவ்வாய்க்கிழமைக்கு முன் தாயையும் மகளையும் வேறு எங்காவது மாற்றிவிடுவது. கூட்டத்தில் நான் எழுந்து, இரண்டு ஊர்த் தமிழும் தெரிந்தவன், பத்திரிகைக்காரன் என்ற முறையில், நடந்தது மொழிக்குழப்பம் என்று விளக்குவது.

“நீங்க ஒரு வார்த்தை பொய் சொல்ல வேணாம் சார்,” என்றார். “அந்தம்மா இருக்கேன்னுதான் சொன்னாங்க, குடியிருக்கேன்னு சொல்லல. அதை மட்டும் சொல்லுங்க. ஒரு ரூமுக்காக பன்னெண்டு வீட்ட விட்டுட முடியுமா?”

அக்கா, அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது. ஒவ்வொரு வசனமும் சரியாக இருந்து, செய்தி முழுவதும் பொய்யாக இருக்க முடியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டத் தயாராகத்தான் இருந்தேன். பன்னிரண்டு வீடு. அதில் ஒன்றில் வாசுகியே பிறகு வரலாம் அல்லவா?

வாசுகி என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

“அண்ணை, போனிலை அந்தப் பிள்ளை கேட்டது எனக்கு விளங்கேல்லைதான். ஆனா நான் சொன்னது சரிதானே. கராஜிலை இருக்கேக்கையும், ஆரும் கேட்டா இஞ்சை ஒருத்தரும் இல்லையெண்டுதான் வீட்டுக்காரன் சொன்னவன். இல்லாத ஆளாய் இருந்து நான் களைச்சுப் போனன்.” சீலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார். “நான் அங்கை இல்லை எண்டு நீங்களும் போய்ச் சொன்னா, பிறகு நான் எங்கைதான் இருக்கிறன்?”

பாதர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு அதை இங்கிலிஷில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“அண்ணே, அந்தப் பன்னெண்டு வீட்ல யாரு வந்து குடியிருக்கப் போறா? உங்க மச்சானா?” என்று ஃபரீதா குமரேசனைக் கேட்டார். “இவங்க இல்லைன்னு சொல்லி வாங்குற வீட்ல இவங்கள எப்படிங்க குடி வைப்பீங்க?”

குமரேசன் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “பயமா இருக்குங்க,” என்றார். “அவ்வளவுதான்.” அந்த மேசையில் அன்று அதைவிடச் சரியாக ஒருவரும் ஒன்றையும் சொல்லவில்லை. வாசுகி எழுந்துபோய் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

சென்ற சனிக்கிழமை மண்டபத்துக்குப் போனேன். குமரேசன் எனக்கு முன்னமே வந்து, அளவு நாடாவைப் பிடித்தபடி பின்னறை ஜன்னலை அளந்துகொண்டிருந்தார். நாடாவின் மறுமுனை அனுவின் கையில். ஜன்னலை இறக்கி ஒரு கதவாக்கலாம், வெளியே இரண்டு படி போதும் என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமலே. பாதர் கம்பியை அறுத்து எடுத்தார். அவருக்கு அந்த வேலை பழக்கம் இல்லை, கையைக் கிழித்துக்கொண்டார். குருத்வாராவிலிருந்து வந்த மின்வேலைக்காரர் புகை எச்சரிக்கைக் கருவிகளைப் பொருத்தி, ஒன்றை அழுத்திச் சத்தம் எழுப்பிக் காட்டினார். வாசுகி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு வேலிப் பக்கம் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது.

இனி என்ன கேட்கப்போகிறோம் என்றால், இவ்வளவுதான். ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒப்புக்கொள்வது. அறையைப் பாதுகாப்பாக்கியதைக் காட்டுவது. வேறு இடம் கிடைக்கும்வரை அங்கேயே இருக்க விடுங்கள் என்று கேட்பது. அப்படி அனுமதிக்க விதியில் இடம் உண்டா என்று அதிகாரியிடம் கேட்டேன். கேட்டுப் பார்க்கலாம் என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல் வாங்க முடியவில்லை. கூட்டத்தில் விசாவைப் பற்றிக் கேட்பார்களா, குடிவரவுத் திணைக்களத்துக்குச் சொல்வார்களா என்று கேட்டேன். கவுன்சிலுக்கு அது தேவையில்லை என்றார். எழுத்தில் தருவீர்களா என்றேன். திங்கட்கிழமைக்குள் தரப் பார்க்கிறேன் என்றார். இன்னும் வரவில்லை. இன்று மட்டும் எத்தனையோ தடவை மின்னஞ்சலைத் திறந்து பார்த்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வாசுகி தமிழில் பேசுவார். நான் பக்கத்தில் நின்று இங்கிலிஷில் சொல்ல வேண்டும். இதற்குத்தான் எனக்கு அதிகப் பயம். அவர் தொடங்கப்போகிற வசனம் அதே ‘இஞ்சைதான் இருக்கிறன்’ வசனம்தான். தெரிந்துகொண்டே சொல்லப்போகிறார். அதற்கு எந்த இங்கிலிஷைப் போடுவது? வசிக்கிறேன் என்று மட்டும் சொன்னால் விதியை மீறியதுதான் மிஞ்சும். எங்கள் இருக்கிறன் அதோடு முடியவில்லையே. உயிரோடு இருக்கிறேன், உட்கார்ந்திருக்கிறேன், லைனில் இருக்கிறேன், இன்னும் போய்விடவில்லை, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் கிடக்கிறது. குசினியில் வைத்து ஒத்திகை பார்த்தோம். நான் திணறுவதைக் கேட்டுக்கொண்டிருந்த அனு, கரட் சீவிக்கொண்டே, “ஜஸ்ட் ஸே இட் ட்வைஸ், அங்கிள்” என்றாள். ஐ லிவ் ஹியர், ஐ ஆம் ஹியர். இரண்டும் சொல் என்கிறாள். அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

நாலு இடத்து ஆட்களும் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வாசலில் வந்து நிற்கும்வரை அதைச் செய்தியாக எழுத மாட்டேன். விசா பற்றிய பதில் திங்கட்கிழமை. கவுன்சில் கூட்டம் செவ்வாய்க்கிழமை மாலை. முடிவை அன்றைக்கே சொல்லலாம், அல்லது அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தள்ளலாம் என்கிறார் அதிகாரி. பன்னிரண்டு வீட்டின் விண்ணப்பம் வருஷ முடிவுக்குள் எடுக்கப்படும் என்பது பாதருக்குக் கிடைத்த தகவல், அதை நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை. கூட்டத்துக்கு அடுத்த நாள் புதன்கிழமை. என்ன முடிவு வந்தாலும் அன்றைக்குச் சாம்பார் வைக்க வேண்டும், புளி கரைக்க வாசுகி அங்கே இருப்பாரா என்பது இப்போது எனக்குத் தெரியாது.

உங்களுக்கு ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன் அக்கா. வாசுகி சொல்வதில் ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நீங்கள் கொடுத்த ரெண்டு கிழமை முடிந்துவிட்டது என்று அவரிடம் சொல்கிற ஆள் நானாக இருக்க மாட்டேன்.

மற்றத் திறப்பைச் சட்டைப் பையில் வைத்திருக்கும்,
உங்கள் தம்பி